பிளனகன்களின் கோப்பு

சின்னப் பிள்ளைகள் பிடிக்கிற கத்தரிக்கோல் அது. முனை மழுங்கியது, பச்சைப் பிளாஸ்டிக் பிடி. எங்கள் நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் வரும் பிள்ளைகள் கடதாசி வெட்டி ஒட்டுவதற்காக ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்திருந்தோம். அதில் ஒன்றை எடுத்து, எழுபத்தாறு வயது மனிதர் ஒருவரிடம் ஒருநாள் கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் லண்டனுக்கு அடியில் சுரங்கம் தோண்டிய கை அவருடையது. விரல்கள் பிடியின் ஓட்டைக்குள் நுழையாது. வெளியிலேயே பிடித்தபடி, நாக்கைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, கோடு தவறாமல் வெட்டுவார். இப்போது அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைக்கொண்டு நான் எதையும் வெட்டியதில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

மனோர் பார்க் பக்கத்தில் இருக்கிற சின்ன நூலகம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். நூலகம் என்றதும் யாரும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பாதிப் பேர் கழிப்பறைக்கு வருவார்கள், மீதிப் பேர் குளிருக்கு ஒதுங்க வருவார்கள். அரசாங்க உதவிப் பணத்துக்கான பெனிபிட் படிவம் நிரப்பித் தரச் சொல்லி வரும் நம் ஆட்களுக்கு நான் ‘லைப்ரரி அக்கா’. வாசிப்பதற்கென்றே நாள் தவறாமல் வந்தவர் அந்தக் கத்தரிக்கோல் பெரியவர் ஒருவர்தான். கதவு திறக்க முதலே வாசலில் நிற்பார். யன்னலோரம் இரண்டாவது நாற்காலி அவருடையது. வேறு யாராவது அதில் இருந்துவிட்டால், எழுந்து போகும்வரை பக்கத்தில் நின்றபடியே பேப்பர் வாசிப்பார். அவர் பேசியது அயர்லாந்து வாடை மாறாத ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த நகரத்தில் இருந்தும் ஊர்ப் பேச்சை விடாத மனிதருக்கு அதுதான் பொருத்தம் என்று படுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவருடைய குடும்பப் பெயர் பிளனகன். அயர்லாந்தில் பரவலான பெயர் என்று சொல்வார்கள். பெரியவருடைய வேலை, பத்திரிகைகளில் வருகிற பிளனகன்களைத் தேடுவது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், விளையாட்டு, வழக்கு, மரண அறிவித்தல் எதையும் விடாமல் விரலை வைத்து வாசிப்பார். நூலகப் பேப்பரில் கீறக்கூடாது என்று நான் ஒருதடவை சொன்னதிலிருந்து, கண்டுபிடித்த பக்கத்தின் எண்ணை ஒரு துண்டில் குறித்துக்கொள்வார். பழைய பேப்பர்களை மாத முடிவில் கழித்துக் கட்டுவோம். அதற்கு முதல் அவருக்காகக் கட்டைப் பிரித்துக் கொடுப்பேன். வெட்டி எடுத்து, கோப்பில் ஒட்டி, கீழே பென்சிலால் எந்த நூலகத்துப் பேப்பர், எந்தத் தேதியில் கண்டெடுத்தது என்று எழுதுவார். அதற்கும் கீழே ஆளின் தொழிலும் வயதும். குதிரையோட்டி, 31. நீதிபதி, 60. பாடகர், 44. ஒரு பக்கத்தில் ஆயர் பிளனகன் கையில் செங்கோலோடு நிற்க, அவருக்குப் பக்கத்திலேயே, தேவாலயக் கூரையிலிருந்து ஈயத் தகடு களவெடுத்துப் பிடிபட்ட பிளனகன் முழித்துக்கொண்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“கள்ளனையும் சேர்க்கிறியளே?”

“கள்ளனும் பிளனகன்தானே, பிள்ளை” என்றார்.

காலையில் அவருடைய மேசையைக் கடந்து போகும்போது, “இண்டைக்கு உங்கட ஆக்கள் ஆர் வந்திருக்கினம்?” என்று கேட்காமல் போகமாட்டேன். பரம்பரைப் பெருமை பிடித்த கிழவர் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். எனக்கு அந்தப் பெருமை விளங்குவதும் கஷ்டம். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? என் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர். என் பிள்ளைகளுக்குப் பின்னால் இருப்பது என் கணவரின் பெயர். பேரப்பிள்ளைகள் வந்தால் அதுவும் மாறிவிடும். இதை அவருக்கு விளங்கப்படுத்தியபோது மனிதர் திகைத்துப் போனார். அப்படியென்றால் தொலைந்த ஆளை எப்படித் தேடுவீர்கள் என்று கேட்டார். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று நாலு பேரிடம் விசாரித்தால் போதும், பின்னேரத்துக்குள் தொலைபேசி இலக்கமே வந்துவிடும் என்றேன். அவர் மறுபடி பேப்பருக்குள் குனிந்துகொண்டார்.

பிறகொரு மழை நாள். கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவள், அதில் பெண்களே இல்லை என்பதைக் கவனித்தேன். “உங்கட பரம்பரையிலை பொம்பிளையள் ஒருத்தரும் கெட்டிக்காரர் இல்லையோ?” என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார்.

“நான் தேடுறது ஆம்பிளைப் பிள்ளையை” என்றார்.

அவருக்கு ஒரே ஒரு மகன். பையனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது மனைவி அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குடிதான் காரணம். அதை அவர் மறைக்கவில்லை. மனைவியைக் குறை சொல்லவும் இல்லை. ஆறு வாரம் வெளியூரில் வேலை முடித்து வந்து கதவைத் திறந்தால், வீட்டில் அவருடைய உடுப்புகள் மட்டும் கிடந்தனவாம். குடியை விட்டுத் தேடத் தொடங்க இன்னும் பத்து வருடம் பிடித்தது. அதற்குள் எல்லா விலாசமும் பழசாகிவிட்டது. பையன் கணக்கில் வலு கெட்டிக்காரன் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனிதர் இத்தனை வருடம் பேப்பர் வாசித்திருக்கிறார். “அவன் எப்பிடியும் ஒரு ஆளா வந்திருப்பான். பேப்பரிலை வராமல் விடான்.” குதிரையோட்டியும் ஆயரும் எதற்கு என்று கேட்டேன். பேப்பர்காரர் வயதையும் முதற்பெயரையும் பிழையாகப் போடுவார்கள், ஒருவரையும் விடேலாது என்றார். பிறகு, “கையும் பழகிப்போச்சு” என்றார்.

அன்றைக்கே கணினியில், ஆட்களைத் தேடித் தரும் இணையத்தளம் ஒன்றில் இரண்டு பேருமாக இருந்து படிவம் நிரப்பினோம். மகனின் முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஆஸ்பத்திரி எல்லாம் அவர் சொல்லச் சொல்லத் தட்டியவள் நான். அதனால் அவை எனக்கு மனப்பாடம். பதில் ஒன்றும் வரவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருதடவை கண்ணால் பார்க்க வேண்டும். அவன் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஊரில் அம்மா இறந்துபோனார். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் அண்ணைக்குச் செய்தி வந்தது. அவர் எனக்குச் சொல்லவில்லை. ஞாயிறு தோறும், அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்குது, லைன் கிடைக்கேல்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தார். என் வீட்டுக்கு வந்து போன எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகு, சோபாவில் பக்கத்தில் இருத்திச் சொன்னார். அவரோடு ஒரு மாதம் நான் பேசவில்லை. “பிள்ளைத்தாச்சியிட்டை எப்பிடியடி சொல்லுறது?” என்று அண்ணி அழுதார். பிறகு கோபம் ஆறிவிட்டது. நம் ஆட்கள் அப்படித்தான். போக முடியாதவனிடமும் தாங்க முடியாதவனிடமும் சாவைச் சொல்லமாட்டோம். அதைப் பாசம் என்போம். நான் அண்ணையை மன்னித்ததோடு நின்றிருக்கலாம். அவர் செய்தது சரி என்று நம்பவும் தொடங்கிவிட்டேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கதவு திறக்க முதல், வந்த பேப்பர்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். உள்ளூர் வாரப் பத்திரிகையின் உட்பக்கத்தில் கைவிரல் அகலத்தில் ஒரு அறிவித்தல். செவன் கிங்ஸில் ஒரு கடைக்கு மேல் உள்ள அறையில் தனியாக வாழ்ந்த ஐம்பத்தொரு வயது மனிதர் இறந்துவிட்டார், உறவினர் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை, தெரிந்தவர்கள் உள்ளூர்க் கவுன்சிலுடன் தொடர்புகொள்ளவும். பெயர் பிளனகன். முதற்பெயரும் நடுப்பெயரும் நான் தட்டிய பெயர்கள். பிறந்த தேதியும் அதே தேதி. செவன் கிங்ஸ் எங்களிடமிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெரியவர் வழக்கம்போல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

அந்தத் தாளை உருவினேன். மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். அதன் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அவருக்கு அப்போது இருதய வால்வு மாற்றும் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அடுத்த மாதம். பஸ் ஏறினாலே மூச்சு வாங்கும். அதுவரைக்கும் மனதை அலட்டவேண்டாம் என்று டொக்டர் சொன்னதாக அவரே எனக்குச் சொல்லியிருந்தார். மதியம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இப்ப சொல்லாதை. முதல்லை ஒப்பரேஷன் முடியட்டும். கிழவன் அதிலையே போயிடும்” என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

பெரியவர் மேசையில் அந்த வாரப் பத்திரிகையைப் பிரித்து வாசித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். “ஒரு தாள் இல்லை, பிள்ளை.”

“ஆரோ கூப்பன் வெட்ட எடுத்திருப்பினம்” என்றேன்.

“முழுத்தாளும் இல்லை” என்றார். பிறகு அதை ஒழுங்காக மடித்து, எடுத்த இடத்தில் வைத்தார்.

ஒப்பரேஷன் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்று கடிதம் வந்தது. கவுன்சிலுக்குப் போன் எடுத்து, தெரிந்தவள் என்று மட்டும் சொல்லி, இறுதிச் சடங்கு எப்போது என்று கேட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கு என்றார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே, அதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் வாயெடுத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் ஒன்றில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், அல்லது சந்தோஷமாக இருந்தார். இரண்டுமே சொல்லாமல் விடுவதற்குக் காரணமாயின. சடங்குக்கு முதல் நாள், திங்கட்கிழமை பின்னேரம், அவருடைய மேசைக்குப் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். நாளைக்குக் காலை நான் வரமாட்டேன், பல்லு வைத்தியரிடம் போகவேண்டும் என்றேன்.

“பல்லு நோ கெட்ட நோ. கவனம் பிள்ளை” என்றார்.

எரியூட்டும் மண்டபத்தில் கவுன்சில்காரர் ஒருவர், ஒரு பாதிரியார், நான். பாதிரியார் கையில் இருந்த கடதாசியைப் பார்த்து அவனுடைய பெயரை இரண்டு தடவை சொன்னார். அதைத் தவிரச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. நான் வாங்கிப் போன வெள்ளைப் பூக்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வெளியே வரும்போது கவுன்சில்காரர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். சுவருக்குப் பூச்சுப் பூசும் வேலை. கொஞ்ச வருடமாக அதுவும் இல்லை. மனைவி, பிள்ளை இல்லை. சாம்பலை அங்கேயே தோட்டத்தில் தூவிவிடுவார்கள். நீங்கள் அயலவரா என்று கேட்டார். ஓம் என்றேன். கணக்கில் கெட்டிக்காரன் எந்தப் பத்திரிகையிலும் வராத ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்திருந்தான். வந்த ஒரே ஒரு தடவையும் அந்தத் தாள் என் கைப்பைக்குள் இருந்தது.

மதியத்துக்கு மேல் வேலைக்குப் போனேன். பெரியவர் யன்னலோரம் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மகன் எரிந்த நேரம் அவர் அந்த நாற்காலியில், நல்ல வெளிச்சத்தில், பிளனகன்களைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் கன்னத்தைத் தொட்டுக்காட்டி, எப்படியிருக்கிறது என்று சைகையால் கேட்டார். நான் பின்னறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இரண்டு கிழமை கழித்து, நாற்காலியிலிருந்து எழுந்து என் மேசைக்கு வந்தார். கையில் பச்சைக் கத்தரிக்கோல். அதைத் தராமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

“அண்டைக்குப் பல்லு நல்லா நொந்ததோ, பிள்ளை?”

“ஓம், நல்லா நொந்தது” என்றேன்.

என்னைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் புத்தகம் பதிய ஒரு பெண் காத்திருந்தார். பெரியவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். “இனி இது தேவைப்படாது. கண் சரியில்லை” என்றார். கண்ணில் புரை விழுந்திருக்கும், இந்த வயதில் யாருக்கும் வருவதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒப்பரேஷன் நடந்தது. தப்பிவிட்டார். இனிச் சொல்லலாம் என்றால், எதைச் சொல்வது? சடங்கு முடிந்துவிட்டது, நான் போனேன், உங்களைக் கூட்டிப் போகவில்லை என்றா? அண்ணையும், “இனிச் சொல்லி என்ன பிரயோசனம்? தேடிக்கொண்டாவது இருக்கட்டும்” என்றார். அப்படி ஒரு நம்பிக்கையை அவருக்கு விட்டுவைத்திருப்பதாக நானும் என்னை ஏமாற்றிக்கொண்டேன். அவர் தொடர்ந்து வந்தார், ஒரு வருடத்துக்கு மேல். அதே நாற்காலி. பேப்பரை விரித்து வைத்திருப்பார், தாள் புரளாது. “இண்டைக்கு உங்கட ஆக்கள் ஆர்?” என்று கேட்டால், “ஒருத்தரும் இல்லை” என்பார். போன மாரியில் ஒரு காலை வாசலில் அவர் நிற்கவில்லை. மூன்றாம் நாள் விசாரித்தபோது, முதியோர் குடியிருப்பில் படுக்கையிலேயே போய்விட்டார் என்றார்கள்.

அந்தக் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண், மூன்று கோப்புகளை நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சணல் கயிற்றால் கட்டி, ‘லைப்ரரியில் இருக்கும் பிள்ளைக்கு’ என்று துண்டு வைத்திருந்தது. நீதிபதி, ஆயர், கள்ளன், குதிரையோட்டி எல்லோரும் இருந்தார்கள். கடைசிக் கோப்பின் கடைசி ஒட்டலுக்கு வந்தேன். கைவிரல் அகலத்தில் ஒரு அறிவித்தல். நான் உருவியெடுத்த அதே அறிவித்தல். தாள் குறைந்த பத்திரிகையை அவரால் விட்டுவிட முடியவில்லை. மூச்சு கொஞ்சம் லேசான ஒருநாள், இரண்டு பஸ் ஏறி வேறொரு நூலகத்துக்குப் போய்த் தேடியிருக்கிறார். கீழே பென்சிலால், வழக்கம்போல, அந்த நூலகத்தின் பெயர், கண்டெடுத்த தேதி. எரியூட்டி ஒன்பதாம் நாள். அதற்குக் கீழே தொழிலும் வயதும் எழுதுகிற இடத்தில், ‘மகன், 51’. அதற்கும் கீழே இன்னொரு வரி. கவுன்சிலுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கவேண்டும். ‘செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டதாம். ஒரு இந்தியப் பெண் மட்டும் வந்திருந்தாராம்.’

இப்போது எங்கள் நூலகத்தில் பத்திரிகை வாங்குவதில்லை. யன்னலோரம் நாற்காலிகள் இருந்த இடத்தில், புத்தகத்தைத் தானே பதிந்துகொள்ளும் இயந்திரம் நிற்கிறது. நான் உருவிய தாள் இன்னும் மடித்தபடியே இருக்கிறது. அதை வெட்டி அவருடைய கோப்பில் ஒட்ட எனக்கு உரிமை இல்லை, எறிந்துவிடவும் முடியவில்லை. கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவர் என்னை வெறுத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் எனக்கு முன்னால் வந்து இருந்தாரே, அது மன்னிப்பா, தண்டனையா, போக வேறு இடம் இல்லாமலா என்று கேட்க இனி ஆளில்லை.

ஒன்று மட்டும் தெரியும். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அவர் இந்தக் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும். செவ்வாய்க்கிழமை நான் எங்கே போனேன் என்றும் தெரியும். தன் மகனை வழியனுப்பிய ஒரே ஆளின் வாயிலிருந்து அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். பல்லு நொந்ததோ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நான் ஓம் என்கிறேன், நல்லா நொந்தது என்கிறேன். அதன் பிறகுதான் கத்தரிக்கோலை மேசையில் வைக்கிறார்.